ஷிஃப்டு மாறினா படிப்பும் நின்னு போகுது: பழக்கத்தை எங்க கட்டுறது?

மில்லுக்காரன்_ஊத்தான்

வணக்கம். மலேசியா, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில வேலை. 12 மணி நேர ஷிஃப்டு. ஒரு வாரம் காலை 7 முதல் ராத்திரி 7, அடுத்த வாரம் ராத்திரி 7 முதல் காலை 7. ஞாயித்துக்கிழமை லீவு, அன்னிக்குத்தான் மாறும். எஸ்.பி.எம். (அஞ்சாம் படிவத் தேர்வு) மலாய்மொழியில இருக்கிற D-யைத் தனியார் வேட்பாளரா திரும்ப எழுதி கிரெடிட் (C அல்லது அதுக்கு மேல) ஆக்கணும்.

பகல் வாரம் திட்டம் ஓடுது. ராத்திரி வாரம் வந்ததும் நின்னுடுது, அப்புறம் திரும்பத் தொடங்க மனசு வர்றதில்ல. தன்முனைப்புப் பேச்சு (மோட்டிவேஷன்) கேட்டா அன்னிக்கு மட்டும் சூடு. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்க. இந்த ஷிஃப்டுல ஒரே மாதிரி 21 நாள் எங்கேர்ந்து வரும்? "முயற்சி பண்ணுங்க தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாம, எப்ப, எங்க, எவ்வளவுன்னு சொல்லுங்க.

நிழல்மரம்

தம்பி, 21 நாள் கணக்கை முதல்ல தூக்கிப் போடுங்க. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் 1960-ல எழுதினதுலேர்ந்து வந்தது அது. ஆபரேஷனுக்கு அப்புறம் புது முகத்தைக் கண்ணாடியில பார்த்துப் பழக, குறைஞ்சது 21 நாள் பக்கம் ஆகுதுன்னு அவர் கவனிச்சார். போகப் போக அந்த 'குறைஞ்சது' காணாமப் போச்சு, முகமும் காணாமப் போச்சு, எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள்னு மேடையில சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

பழக்கம் உண்டாகுறதை நேரா அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லேலியோட குழு. 96 பேர், 84 நாள். 2009-ல வெளியானது. நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18-லேர்ந்து 254 வரை. (84 நாள் ஆய்வுல 254 எப்படி வரும்னு கேட்பீங்க. இதே வேகத்துல போனா எப்ப முடியும்னு கணக்குப் போட்டு நீட்டிச் சொன்ன எண் அது.) தண்ணி குடிக்கிறது மாதிரி சின்னது சீக்கிரம் ஒட்டுச்சு, உடற்பயிற்சி மாதிரி பெரிசு மெதுவா ஒட்டுச்சு. உங்களுக்கு வேண்டியது இதுதான்: நடுவுல ஒரு நாள் விட்டதால பெரிசா ஒண்ணும் கெட்டுப் போகல.

அந்த ஆய்வுல ஆளாளுக்கு ஒரு செயலை 'பசியாறின பிறகு' மாதிரி ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியோட சேர்த்துச் செஞ்சாங்க. நீங்க ராத்திரி 9 மணின்னு கடிகாரத்துல கட்டியிருப்பீங்க. ராத்திரி வாரத்துல 9 மணிக்கு நீங்க பாய்லர் பக்கத்துல நிக்கிறீங்க. அறுந்து போகாம என்ன செய்யும்? இதுல சோம்பேறித்தனம் ஒண்ணும் இல்ல, கட்டின இடம்தான் தப்பு.

மாட்டைக் கட்ட முளை அடிக்கிற மாதிரி, பழக்கத்தைக் கட்டவும் ஒரு முளை வேணும். அது ரெண்டு ஷிஃப்டுலயும் தினமும் நடக்கிற காரியமா இருக்கணும். முடிஞ்சுதுன்னு தெளிவாத் தெரியணும். 'சாப்பிட்ட பிறகு'ன்னு வச்சா பேச்சு, டிவின்னு இழுத்துக்கிட்டே போகும்; 'தட்டைக் கழுவிக் கவுத்ததும்'னா சந்தேகமே இல்ல. அது நடக்கிற இடத்துலேயே நோட்டும் பேனாவும் இருக்கணும். உங்களுக்கு எனக்குத் தோணுறது, வேலை முடிஞ்சு வந்து குளிக்கிறது. ஆலை வாடையோட யாரும் படுக்க மாட்டாங்க.

அதை அப்படியே வாக்கியமா எழுதுங்க: "குளிச்சுத் துண்டைக் காயப்போட்டதும், சமையலறை மேசையில உட்கார்ந்து, 20 நிமிஷம் மலாய்மொழி பார்ப்பேன்." இது ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ஞ்ச முறை. 2006-ல அவரும் பாஸ்கல் ஷீரானும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. 'நல்லா செய்யணும்'னு மட்டும் நினைச்சவங்களைவிட, 'இது நடந்தா இதைச் செய்வேன்'னு முடிவு பண்ணினவங்க கணிசமா அதிகம் செஞ்சு முடிச்சிருந்தாங்க. மனசுல வச்சுக்காதீங்க, தாள்ல எழுதுங்க. எழுதும்போதுதான் ஓட்டை தெரியும்.

ஆளுங்க அதிகமா சறுக்குறது அளவுலதான். முதல் நாள் சூட்டுல ரெண்டு மணி நேரம் உட்காருவாங்க. மறுநாள் அந்த ரெண்டு மணி நேரத்தை நினைச்சாலே உடம்பு தள்ளிப்போடும். அதனால ரெண்டு அளவு வைங்க. முழு அளவு 20 நிமிஷம். குறை அளவு 3 அட்டை (ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதின துண்டு), ஒரு வாக்கியம், நின்னுக்கிட்டே முடிச்சுடலாம். முதல் ரெண்டு மாசம் ஆசையா இருந்தாலும் 20-ஐத் தாண்டாதீங்க.

எந்த நாளுக்குக் குறை அளவுன்னு இப்பவே எழுதி வைங்க: ஓவர்டைம், காய்ச்சல், வீட்டுக்கு விருந்தாளி. அந்த நேரத்துல யோசிச்சா களைப்புதான் முடிவு எடுக்கும். ஆகஸ்டுலேர்ந்து அக்டோபர் பக்கம் குலை குமிஞ்சு லோரி வரிசை கட்டி நிக்கிற மாசங்கள்ல தினமும் குறை அளவே போதும், அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல.

கைப்பேசியை டைமருக்காகக்கூட எடுக்காதீங்க. டைமர் வைக்கப் போய் வாட்சாப்ல முடியும். சின்ன அலாரம் கடிகாரம் ஒண்ணு வாங்கி மேசையிலேயே வச்சிடுங்க. பேனா ரெண்டு வைங்க, ஒண்ணை எப்படியும் யாராவது எடுத்துட்டுப் போவாங்க.

இரவுப்பணி_அக்கா

முளை யோசனை சரி தம்பி, ஆனா குளிக்கிறதுல அடிக்காதீங்க. ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு காலை 8 மணிக்குக் குளிச்சுட்டுப் படிக்க உட்கார்ந்தா தூக்கத்தைத்தான் வெட்டுறீங்க. வெயில் ஏற ஏற உடம்பு முழிப்புப் பக்கம் சாயும். பகல் தூக்கம் ஏற்கெனவே ராத்திரித் தூக்கத்தைவிடக் குறைவுதான். லேட்டா படுத்தா மத்தியானம் தகரக் கூரைச் சூடு வந்து எழுப்பிடும். படிச்சது மண்டையில தங்கவே தூக்கம் வேணும், அதைக் குறைச்சுட்டுப் படிச்சு என்ன புண்ணியம்?

ரெண்டு வாரத்துக்கும் பொதுவா இருக்கிறது, தூங்கி எழுந்து குடிக்கிற முதல் தேத்தண்ணி. பகல் வாரத்துல காலை 5.15-க்கு எழுந்தா, 5.40-க்குத் தேத்தண்ணி, 6 மணிக்குள்ள படிப்பு முடிஞ்சுடும். ராத்திரி வாரத்துல பிற்பகல் 3.30-க்கு எழுந்தா 4 மணிக்குத் தேத்தண்ணி. கடிகாரத்துல பத்து மணி நேரம் தள்ளியிருக்கு, உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்: தூங்கி எழுந்தாச்சு, இன்னும் வேலைக்குப் போகல. கண் முழிச்ச உடனே நோட்டைத் திறக்க வேணாம், கொஞ்ச நேரம் மந்தமா இருக்கும். முகம் கழுவி, தண்ணி கொதிச்சு, கோப்பை மேசைக்கு வர்றதுக்குள்ள அது தெளிஞ்சுடும்.

ராத்திரி வாரத்துக்கு இதையும் கவனிங்க. கோப்பி, தே தாரே, டின்ல வர்ற எனர்ஜி பானம் எல்லாம் ராத்திரி 1 மணியோட நிறுத்துங்க. படுக்க 6 மணி நேரத்துக்கு முன்னாடி 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் குறையுதுன்னு 2013-ல ஒரு ஆய்வு காட்டியிருக்கு. ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பையை ரெண்டு அடுக்கா டேப் போட்டு ஒட்டுங்க, மெல்லிசு திரைச்சீலை பத்தாது. காத்தாடியை ஓட விடுங்க. காத்துக்கு மட்டும் இல்ல, அந்தச் சத்தத்துல வெளிச் சத்தம் அடங்கும்.

இடைவேளையில படிக்கலாமேன்னு தோணும். விடியக்காலை 3-லேர்ந்து 5 வரைக்கும் கவனம் அடிமட்டத்துல இருக்கும், அப்ப புதுசா எதுவும் ஏறாது. முடிஞ்சா அந்த நேரத்துல 20 நிமிஷத்துக்கு அலாரம் வச்சுக் கண் மூடுங்க. அதுக்கு மேல போனா எழுந்து மெஷின் பக்கம் போகும்போது தள்ளாடும். ஷிஃப்டு முடிஞ்சு கண் சொருகினா மோட்டார் சைக்கிள் ஏறாதீங்க. அங்கேயே 20 நிமிஷம் சாஞ்சுட்டுக் கிளம்புங்க.

மொழி_வாத்தியார்

எங்கே கட்டுவது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். எதைக் கட்டுவது? தவறான வேலையைத் தினமும் ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. மாதிரிக் கட்டுரையை அழகான கையெழுத்தில் நகல் எடுப்பது அதில் முதலிடம். நேரம் போகும், நோட்டு நிறையும், தேர்வில் ஒரு வரி வராது. திரும்பத் திரும்ப வாசிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். வாசிக்கும்போது 'தெரிகிறது' என்று தோன்றும் உணர்வை நம்பக் கூடாது.

புத்தகக் கடையில் இரண்டு மணிலா அட்டை வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை பாதியாக மடித்து வெட்டினால் 32 துண்டு கிடைக்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், ஒரு துண்டுக்கு ஒரே விஷயம். கட்டாயம் ரூமி எழுத்தில் (மலாய் எழுதப் பயன்படும் ஆங்கில எழுத்துகளில்) எழுத வேண்டும். காரணம் உண்டு. 'மெ' முன்னொட்டு சேரும்போது வேர்ச்சொல்லின் முதல் எழுத்து உதிருமா உதிராதா என்பதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள். பினாங்கின் முதல் எழுத்தில் (P) தொடங்கும் 'புக்குல்' அந்த எழுத்தை இழந்து 'மெமுக்குல்' ஆகும். பத்து காஜாவின் முதல் எழுத்தில் (B) தொடங்கும் 'பாச்சா' இழக்காமல் 'மெம்பாச்சா' ஆகும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப'தான், விதியே கண்ணில் படாது. 'துலிஸ்' 'மெனுலிஸ்' ஆவதும், 'சாப்பு' 'மெஞாப்பு' ஆவதும் முதல் வகை. இம்புஹானுக்கு (முன்னொட்டு, பின்னொட்டுகளுக்கு) 30 அட்டை, பழமொழிக்கு 30 அட்டை என்று தொடங்குங்கள்.

அட்டைகளை மூன்று கட்டாகப் பிரித்து ரப்பர் வளையம் போடுங்கள். முதல் கட்டு தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது வாரத்துக்கு ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த கட்டுக்குப் போகும். தவறினால் எந்தக் கட்டில் இருந்தாலும் முதல் கட்டுக்குத் திரும்பும். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய முறை இது. அவர் பெட்டி வைத்தார், நமக்கு ரப்பர் வளையம் போதும். ஒரு நாளைக்குப் புதிய அட்டை ஐந்துக்கு மேல் வேண்டாம். முதல் கட்டில் 15 சேர்ந்துவிட்டால், அது குறையும்வரை புதியதைச் சேர்க்காதீர்கள். இதைக் கவனிக்காதவர்களுக்குத்தான் மூன்றாம் வாரத்தில் அட்டைக் கட்டைப் பார்த்தாலே வெறுப்பு வரும்.

20 நிமிடத்தில் அட்டைக்கு 8, எழுத்துக்கு 10. எழுத்து என்றால் முழுக் கட்டுரை அல்ல, ஒரே ஒரு பத்தி: கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு, முடிப்பு வாக்கியம். நான்கு முதல் ஆறு வாக்கியம் போதும். எழுதி முடித்ததும் முன்னொட்டு, பின்னொட்டு உள்ள சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு அகராதியில் சரிபாருங்கள். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் திருத்தப் பார்த்தால் எதுவும் திருந்தாது.

மீதி 2 நிமிடம் நாளைக்கு. அடுத்த பக்கத்தில் நாளைய பத்தியின் தலைப்பை எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். உட்கார்ந்த பிறகு 'எதை எழுதலாம்' என்று யோசிப்பதில்தான் பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். முழுக் கட்டுரையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பகல் வாரம் முடிந்த ஞாயிறு அன்று, பழைய தேர்வுத் தாளிலிருந்து எடுத்து நேரம் வைத்து எழுதுங்கள். இரவு வாரம் முடிந்த ஞாயிறு அதற்கு ஆகாது.

மில்லுக்காரன்_ஊத்தான்

நன்றி. தேத்தண்ணி முளையை எடுத்துக்கிறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். நாலஞ்சு நாள் சேர்ந்தாப்ல விட்டுப் போனா எப்படித் திரும்ப ஆரம்பிக்கிறது? அப்புறம் வீட்டுலயும் ஆலையிலயும் சொல்லலாமா? சொன்னா கேலி, சொல்லலைன்னா கேட்க ஆள் இல்ல.

காண்டாவாளி

விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீங்க. அதுதான் முதல் விதி. அஞ்சு நாள் விட்டுட்டு வந்து அஞ்சு நாள் பாடத்தையும் ஒரே மூச்சுல பிடிக்கப் பார்த்தா, ஆறாவது நாளும் போயிடும். திரும்புற நாளுக்குக் குறை அளவு மட்டும்: 3 அட்டை, ஒரு வாக்கியம். மறுநாளும் அதே. மூணாம் நாள்லேர்ந்து முழு அளவு.

சட்டைப் பையில அடங்குற 555 புத்தகம் ஒண்ணு வாங்கி, விட்டதுக்குக் காரணத்தை ஒரே வரியில எழுதுங்க. 'மனசு சரியில்ல', 'சோம்பல்'னு எழுதக் கூடாது, அதை வச்சு எதையும் மாத்த முடியாது. தேத்தண்ணி குடிக்கவே நேரமில்லையா, நோட்டு மேசையில இல்லையா, அளவு பெரிசா இருந்துச்சா, இதுல எதுன்னு எழுதுங்க. ஒரே காரணம் மூணு தடவை வந்தா அதை மாத்துங்க. முதல்லயா இருந்தா அரை மணி முன்னாடி எழுந்திரிக்கணும், ரெண்டாவதா இருந்தா நோட்டை மைலோ டின் பக்கத்துல வைக்கணும், மூணாவதா இருந்தா 20-ஐ 10 ஆக்கணும்.

குறி போட கட்டம் பெரிசா இருக்கிற குதிரைக் காலண்டரே போதும். முழு அளவுக்குப் பெருக்கல் குறி, குறை அளவுக்குச் சாய்கோடு, விட்ட நாள் வெறும் கட்டம். 'தொடர்ந்து எத்தனை நாள்'னு மட்டும் எண்ணாதீங்க. அந்தக் கணக்கு ஒரு நாள் அறுந்தா பூஜ்யத்துக்குப் போயிடும், அதோட ஆளும் விட்டுடுவாங்க. மாசத்துக்கு மொத்தம் எத்தனை குறின்னு பாருங்க. 20 வந்தா நல்ல மாசம். வெறும் கட்டமெல்லாம் ராத்திரி வாரத்துலேயே குவிஞ்சிருந்தா அந்த வாரத்து அளவைப் பாதியாக்குங்க, உங்களைத் திட்டிக்காதீங்க.

யார்கிட்ட சொல்றதுன்னா, ஒரே ஆள்கிட்ட. அதுவும் ஆசையைச் சொல்லாம வேலையைக் காட்டுங்க. கோல்விட்சர் குழு 2009-ல வெளியிட்ட ஆய்வுல சட்ட மாணவர்களைப் பார்த்தாங்க. நல்ல வழக்கறிஞர் ஆகத் தீவிரமா படிக்கப் போறேன்னு சொன்னதை வேற ஒருத்தர் கவனிச்சுட்டா, அந்த மாணவர்கள் அதுக்கப்புறம் உழைச்சது குறைஞ்சுது. பாதி ஆகிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துடுதாம். அதனால ஆலை கேண்டீன்ல அறிவிக்க வேணாம். சனிக்கிழமை தோறும் அந்த வாரம் எழுதின ஒரு பத்தியைப் படம் எடுத்து அந்த ஒருத்தருக்கு அனுப்புங்க. அவர் பாராட்ட வேணாம், திருத்த வேணாம், 'வந்துச்சு'ன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும். வரலைன்னா ஞாயித்துக்கிழமை கேட்கணும், அவ்வளவுதான் அவர் வேலை. வீட்டுல எஸ்.பி.எம். பேச்சையே எடுக்காம "தேத்தண்ணி குடிச்சப்புறம் 20 நிமிஷம் கூப்பிடாதீங்க"ன்னு மட்டும் சொல்லி வைங்க.

தன்முனைப்புப் பேச்சை ஒரேயடியா ஒதுக்கவும் வேணாம். அந்தச் சூடு அரை மணி நேரம் இருக்கும், அதுக்குள்ள கையால ஒரு வேலை செஞ்சுடணும். மணிலா அட்டையை வெட்டுங்க, அடுத்த வாரத்து ஆறு தலைப்பையும் எழுதி வைங்க. அந்தச் சூட்டுல 'தினமும் மூணு மணி நேரம்'னு சபதம் மட்டும் போடாதீங்க. பேச்சாளருங்க அதைத்தான் கேட்பாங்க.

மில்லுக்காரன்_ஊத்தான்

கடைசியா ஒண்ணு. ஷிஃப்டு மாறுற ஞாயித்துக்கிழமையில ரெண்டு தடவை தூங்கி எழுந்திரிக்க வேண்டி வருது. எந்தத் தேத்தண்ணியைக் கணக்குல எடுக்குறது?

இரவுப்பணி_அக்கா

நீளமாத் தூங்கி எழுந்ததுக்கு அப்புறம் குடிக்கிறதுதான் கணக்கு, குட்டித் தூக்கத்துக்குக் கணக்கில்ல.

பகல்லேர்ந்து ராத்திரிக்கு மாறும்போது ஞாயிறு வழக்கம்போல எழுந்து காலைத் தேத்தண்ணியோட படிங்க, கட்டுரை எழுதுற ஞாயிறும் அதுதான். திங்கள் காலையிலயும் முழு அளவு முடிச்சுட்டு, மத்தியானம் 2-லேர்ந்து 4 வரைக்கும் படுங்க. எழுந்து குடிக்கிறதுக்குப் படிப்பு வேணாம், நேரா வேலைக்குக் கிளம்புங்க.

ராத்திரியிலேர்ந்து பகலுக்கு மாறுறதுதான் கஷ்டம். ஞாயிறு காலை 7-க்கு வேலை முடியுது, மறுநாள் காலை 7-க்குத் திரும்ப நிக்கணும். வந்து படுத்து 12 மணிக்கு அலாரம் வச்சு எழுந்திரிங்க, இன்னும் தூக்கம் வந்தாலும். மாலை வரைக்கும் தூங்கிட்டா ராத்திரி தூக்கம் வராது, திங்கள் முழுக்க ஆடிப்போயிடும். 12 மணிக்குக் குடிக்கிற தேத்தண்ணியோட குறை அளவு, அதுலயும் புது அட்டை வேணாம், முதல் கட்டுல இருக்கிற பழசு மட்டும். சாயங்காலம் கொஞ்சம் வெளிச்சத்துல நடந்துட்டு வந்து, 9 மணிக்கு விளக்கை அணைச்சுடுங்க. கைப்பேசி சார்ஜ் ஆகுறது சமையலறையில இருக்கட்டும், அலாரத்துக்குத்தான் இப்ப தனிக் கடிகாரம் வாங்கப் போறீங்களே.